கை வைத்தால் பதில் சொல்லும் கோட்: முதல் சோதனையிலிருந்து முதல் மேடை வரை

திரையில் ஒரு உருவம் இருக்கிறது, விரலை வைத்தால் நெளிகிறது, இழுத்தால் கூடவே வருகிறது, விட்டால் மெல்ல அடங்குகிறது. இந்த மாதிரி விஷயங்களைப் பிரவுசருக்குள் செய்கிறவர்களைத்தான் இன்டராக்டிவ் டெவலப்பர் என்கிறார்கள். அவர்களில் பலருடைய தளத்துக்குப் போனால் மூன்று பிரிவுகள் இருக்கும்: ஆசைக்குச் செய்து பார்த்த சோதனைகள், மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய டூல்கள், கான்ஃபரன்ஸ்களில் பேசிய பேச்சுகள். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, முதலில் எல்லாவற்றையும் படித்து முடிக்கிறேன், அப்புறம் டூல் எழுதுகிறேன், நாலு பேருக்குப் பெயர் தெரிந்த பிறகு மேடை ஏறுகிறேன் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொள்கிறார்கள். அந்த வரிசை தேவையே இல்லை. ஒழுங்காக முடித்த ஒரு சின்னச் சோதனை போதும். அதைச் செய்யும்போதே உங்கள் வசதிக்காக ஒரு டூல் எழுதியிருப்பீர்கள், இரண்டும் எப்படி உருவாயின என்று நின்று சொன்னால் அதுவே முதல் பேச்சு.

பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது என்பதால் முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: சிக்குக் கோலம், அதாவது புள்ளிகளைச் சுற்றிக் கம்பிகள் (கோடுகள்) பின்னிப் போகும் கோலம். நம் ஊர்ப் பெருமைக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கம்ப்யூட்டர் அறிவியலில் கோலத்துக்கு ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1974இல் வந்தது. பாட்டி விரலால் போட்டதை விதிகளாக எழுத முடியும் என்றால், விதிகளாக எழுத முடிந்ததைக் கம்ப்யூட்டர் கோட் ஆகவும் எழுதலாம். அதைத்தான் செய்யப்போகிறோம்.

எதில் தொடங்குவது

பி5.ஜேஎஸ். பிரவுசரில் படம் வரையவும் அசைக்கவும் உதவும் லைப்ரரி, அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாரான கோட் தொகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு இதில் தொடங்குங்கள். 2001இல் எம்ஐடி மீடியா லேபில் கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் கோட் எழுதட்டும் என்று புராசஸிங் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள்; அதே எண்ணத்தைப் பிரவுசரின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கொண்டுவந்து 2013இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கியது பி5.ஜேஎஸ். இதற்கென்று பிரவுசரிலேயே இயங்கும் எடிட்டர் இருக்கிறது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், இடது பக்கம் எழுதினால் வலது பக்கம் ஓடும். செட்டப் என்ற ஃபங்ஷன் ஒரு முறை ஓடும், டிரா என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், ஓடும். இந்த இரண்டைத் தவிர ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய அமைப்பு எதுவும் இல்லை.

முப்பரிமாணத்துக்கான திரீ.ஜேஎஸ் லைப்ரரி வேண்டாமா, கிராஃபிக்ஸ் சிப்பிலேயே ஓடி நிறங்களைக் கணக்கிடும் ஷேடர் வேண்டாமா என்று கேட்பீர்கள். இரண்டும் அருமையானவை. பார்சிலோனாக்காரரான ரிக்கார்டோ கபேயோ 2010இல் வெளியிட்ட திரீ.ஜேஎஸ் இல்லையென்றால் இன்று வலையில் முப்பரிமாணம் இந்த அளவுக்குப் பரவியிருக்காது. ஷேடர் எழுத ஷேடர்டாய் என்ற தளத்தைப் போல நல்ல பயிற்சி இடம் வேறில்லை, இனிகோ கீலஸும் போல் ஜெரமியாஸும் 2013இல் தொடங்கியது, மற்றவர்கள் எழுதிய கோட் அப்படியே திறந்து கிடக்கும். ஆனால் முதல் சோதனையிலேயே கேமரா, ஒளி, மெட்டீரியல் என்று போனால் உங்கள் யோசனையைவிட லைப்ரரியோடு போராடும் நேரம்தான் அதிகமாகும். இரண்டு பரிமாணத்தில் ஒன்றை முடித்துவிட்டுப் போங்கள்.

யோசனையை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

கோட் எழுதும் முன் இதைச் செய்யுங்கள், அந்த வாக்கியத்தில் பார்ப்பவரின் கை இருக்க வேண்டும். 'அழகான கோலம் வரைவது' என்று எழுதினால் அது ஒரு படம், அவ்வளவுதான். 'கோலத்தில் இரண்டு கம்பிகள் வெட்டும் இடத்தைத் தொட்டால் அங்கே கம்பிகள் பிரிய வேண்டும், மறுபடி தொட்டால் சேர வேண்டும், மொத்தம் எத்தனை தனிக் கம்பிகள் இருக்கின்றன என்பது நிறத்தில் தெரிய வேண்டும்' என்று எழுதினால் அதில் வேலை முழுவதும் அடங்கிவிட்டது. எதைத் தொடலாம், தொட்டால் என்ன மாறும், மாறியது எப்படித் தெரியும். இந்த மூன்றுக்கும் விடை இல்லாத யோசனையை எடுத்தீர்கள் என்றால் நடுவழியில் கண்டிப்பாக நிற்பீர்கள்.

கோலத்தைக் கோட் ஆக்குவது

நேர்ப்புள்ளிக் கோலத்தையே எடுத்துக்கொள்வோம், ஐந்துக்கு ஐந்து. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில், சரியாகப் பாதி தூரத்தில், ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருந்தால் இரண்டு கம்பிகள் அங்கே குறுக்காக வெட்டிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போகும். மூடியிருந்தால் ஒவ்வொரு கம்பியும் தன் புள்ளியைச் சுற்றிக்கொண்டே திரும்பிவிடும். ஓரத்தில் இருக்கும் கதவுகள் எப்போதும் மூடியவை. உள்ளே எல்லாக் கதவும் மூடியிருந்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் கிடைக்கும், எல்லாம் திறந்திருந்தால் நமக்குப் பழக்கமான பின்னல் கிடைக்கும்.

ஐந்துக்கு ஐந்தில் உள்கதவுகள் 40. ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்றால் ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான கோலங்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதாவது கால் சுற்று திருப்பினாலும் மாறக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டால் கதவுகள் நான்கு நான்காகச் சேர்ந்து பத்துக் கூட்டமாகிவிடும், அப்போது 1,024 கோலங்கள்தான். ஒரு மாலையில் எல்லாவற்றையும் திரையில் ஓடவிட்டுப் பார்த்துவிடலாம், பார்த்தே ஆக வேண்டும் என்பேன், ஏனென்றால் அதில் சில உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கோலங்களாக இருக்கும்.

வரைவது எப்படி? ஒரு புள்ளிக்கு மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு கதவுகள், ஆக 16 வகைக் கட்டங்கள் என்று எண்ணி 16 படங்களை எழுத உட்காராதீர்கள். கட்டத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு கால் பகுதிக்கு இரண்டே இரண்டு கதவுகள்தான் எல்லை. இரண்டும் மூடியிருந்தால் கால் வட்டம். இரண்டும் திறந்திருந்தால் ஒரு கதவின் நடுவிலிருந்து இன்னொரு கதவின் நடுவுக்கு நேர்கோடு. ஒன்று திறந்து ஒன்று மூடியிருந்தால் திறந்த கதவிலிருந்து 45 டிகிரியில் கிளம்பி, மூடிய பக்கத்தை ஒட்டி அதற்கு இணையாகத் திரும்பும் வளைவு. பி5இல் பெசியர் ஃபங்ஷன் இதற்குத்தான். இந்த ஒன்றை எழுதிவிட்டு இடவலம் மாற்றினால் மற்றதும் வந்துவிடும். கால் பகுதியைத் திருப்பித் திருப்பி நான்கு முறை வரைந்தால் ஒரு புள்ளி முடிந்தது. கதவில் கிளம்பும் கோணம் எல்லா இடத்திலும் 45 டிகிரி என்பதால் பக்கத்துக் கட்டத்தோடு கம்பி உடையாமல் சேரும். வட்டத்தின் ஆரத்தை அரை இடைவெளியைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மூடிய கதவில் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொள்ளும்.

இனி கம்பிகளை எண்ணுவது. 25 புள்ளிகளுக்கு 100 கால் பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கம்பி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகள். முனை மூடிய கதவில் இருந்தால் அதே புள்ளியின் அடுத்த கால் பகுதிக்குப் போ, திறந்த கதவில் இருந்தால் கதவைக் கடந்து எதிர்ப்புள்ளியின் குறுக்கெதிர்க் கால் பகுதிக்குப் போ. கிளம்பிய இடத்துக்கே வரும்வரை நடந்து, கடந்த துண்டுகளுக்கெல்லாம் ஒரே எண் கொடுங்கள். எண் இல்லாத துண்டு மிச்சமிருந்தால் அங்கிருந்து மறுபடி. முடிந்தது, எண்ணுக்கு ஒரு நிறம்.

சரியாக எழுதினோமா என்று தெரிந்துகொள்ள ஒரு அழகான வழி இருக்கிறது. எல்லா உள்கதவும் திறந்த செவ்வகக் கோலத்தில் கம்பிகளின் எண்ணிக்கை, இரண்டு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம். மூன்றுக்கு நான்கு போட்டால் ஒற்றைக் கம்பி, மூன்றுக்கு மூன்று போட்டால் மூன்று, நான்குக்கு ஆறு போட்டால் இரண்டு. உங்கள் கோட் வேறு எண் சொன்னால் முனைகளை இணைக்கும் இடத்தில் திசை தவறியிருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகவும் பிடித்த இடம். இரண்டு வெவ்வேறு நிறக் கம்பிகள் வெட்டும் கதவை மூடினால் அவை இரண்டும் சேர்ந்து ஒரே கம்பியாகிவிடும், எப்போதும். ஐந்துக்கு ஐந்தில் எல்லாம் திறந்த நிலையில் ஐந்து கம்பிகள். நிறம் மாறும் இடமாகப் பார்த்து நான்கு கதவுகளை ஒவ்வொன்றாக மூடினால் கோலம் முழுவதும் ஒற்றைக் கம்பி. யாரும் விளக்காமலே, பார்ப்பவர் தொட்டுத் தொட்டு இதைத் தானே கண்டுபிடிப்பார். அந்தக் கணத்துக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறோம் என்று உறுதியாகச் சொல்வேன்.

விரலுக்கு மரியாதை

படம் வந்துவிட்டது என்று இங்கேயே நிறுத்துகிறவர்கள் அதிகம். கைக்குப் பதில் சொல்லும் தன்மை இனிமேல்தான் வருகிறது.

தொட்ட புள்ளி சரியாகக் கதவின் மேல் விழுந்ததா என்று பார்க்காதீர்கள். தொட்ட இடத்துக்கு மிக அருகில் இருக்கும் கதவு எது என்று பார்த்து அதை மாற்றுங்கள், போனில் ஒரு தொடுதலும் வீணாகாது. மவுஸுக்கு ஒரு கோட், தொடுதிரைக்கு ஒரு கோட் என்று இரண்டாக எழுதாமல் பிரவுசரின் பாயின்டர் ஈவென்ட்டுகளைப் பயன்படுத்தினால் மவுஸ், விரல், பேனா மூன்றுக்கும் ஒன்றே போதும். இழுத்து விளையாடும் சோதனை என்றால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் டச் ஆக்‌ஷனை 'நன்' (none) என்று வையுங்கள், இல்லையென்றால் விரலை இழுத்ததும் பக்கம் ஸ்க்ரோல் ஆகத் தொடங்கி நீங்கள் வரையும் பரப்பான கேன்வாஸுக்கு ஈவென்ட் (தொட்ட செய்தி) வருவது நின்றுபோகும்.

பதில் உடனே தொடங்க வேண்டும். பத்தில் ஒரு நொடிக்குள் ஏதாவது அசைந்தால்தான் நாம் செய்ததால் நடந்தது என்ற உணர்வு மனிதர்களுக்கு வருகிறது. முடிய நேரம் எடுத்தால் பரவாயில்லை, கம்பி மெதுவாக வளைந்து இடம் மாறட்டும், ஆனால் தொட்ட அடுத்த ஃப்ரேமிலேயே வளையத் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் கதவை ஆம், இல்லை என்று வைக்காமல் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நகரும் எண்ணாக வைத்து, அந்த எண்ணைப் பார்த்து வளைவை வரைந்தால் அசைவு தானாக வரும்.

வேகம் பற்றி. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட் கிடைக்கும், 120 முறை என்றால் 8.3தான். பி5 சாதாரணமாக 60இலேயே நிற்கும். பி5 இல்லாமல் நீங்களே பிரவுசரின் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமைப் பயன்படுத்தி, ஃப்ரேமுக்கு இத்தனை பிக்சல் நகர் என்று எழுதியிருந்தால் 120 முறை புதுப்பிக்கும் போன்களில் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். கடந்த நேரத்தை அளந்து அதற்கேற்ப நகர்த்துங்கள். பழைய ஆண்ட்ராய்டு போனில் திணறினால் முதலில் பிக்சல் டென்சிட்டியை, அதாவது திரை பிக்சல்களை எத்தனை மடங்கு நெருக்கமாக வைக்கிறது என்பதை, பாருங்கள்: டென்சிட்டி 3 இருக்கும் திரையில் 9 மடங்கு பிக்சல்களை நிரப்பிக்கொண்டிருப்பீர்கள், அதை 1 ஆக்கிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கோலம் மாறாதபோது டிரா ஓடவே தேவையில்லை, நோலூப் என்ற ஃபங்ஷனால் அதை நிறுத்திவிட்டு, தொடும்போது மட்டும் ஓடவிடுங்கள். எல்லாவற்றையும்விட, நீங்கள் வைத்திருக்கும் போனில் சோதிக்காமல் வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை வாங்கிச் சோதியுங்கள். உங்கள் வேலையைப் பார்க்கப்போகிற பலர் கையில் அப்படிப்பட்ட போன்தான் இருக்கும்.

சத்தம் சேர்த்தால், பார்ப்பவர் ஒரு முறையாவது தொட்ட பிறகுதான் பிரவுசர் அதை ஒலிக்கவிடும், அதனால் தொடங்க ஒரு பட்டன் வையுங்கள். ஐபோனில் சாய்வு சென்சாருக்கும் அப்படியே, கேட்டு அனுமதி வாங்க வேண்டும். கேமராவைப் பயன்படுத்தினால் தளம் ஹெச்டிடிபிஎஸ்ஸில், அதாவது பாதுகாப்பான இணைப்பில், இருக்க வேண்டும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வைக்காதீர்கள், வலிப்பு வரக்கூடியவர்கள் பார்க்கலாம். அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் செட்டிங் வைத்திருப்பவர்களுக்குக் கம்பி வளைந்து வராமல் சட்டென்று மாறிவிடட்டும். சிஎஸ்எஸ்ஸிலேயே அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

வெளியே வையுங்கள்

முடிந்ததும் வெளியிடுங்கள். கோட் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் வசதி இலவசம், ஹெச்டிடிபிஎஸ்ஸும் தானாக வந்துவிடும். பி5 எடிட்டரின் இணைப்பே போதும் என்றாலும் பரவாயில்லை, ஆனால் சொந்த முகவரியில் ஒரு பிரதி இருப்பது நல்லது. லைப்ரரியின் பதிப்பு எண்ணைத் துல்லியமாக எழுதிவையுங்கள், 'எது புதியதோ அது' என்று விடாதீர்கள். பி5இன் இரண்டாம் பதிப்பில் பிரீலோட் என்ற பழைய ஃபங்ஷனே எடுக்கப்பட்டுவிட்டது, அதை நம்பி எழுதியவை புதிய பதிப்பில் அப்படியே ஓடாது. லைப்ரரி ஃபைலை உங்கள் ஃபோல்டரிலேயே வைத்துவிட்டால் இன்னும் உத்தமம். முன்பு பிரவுசரில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு நின்றபோது ஒரு தலைமுறையின் சோதனைகள் பிரவுசரிலிருந்து மறைந்தன, அதைப் போலவே நடந்துகொள்ளும் ரஃபிள் போன்ற எமுலேட்டர்களை எழுதி அவற்றில் சிலவற்றை இன்னும் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் வேலை பத்து வருடம் கழித்தும் ஓட வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

கூடவே ஒரு குட்டி வீடியோ, ஒரு ஸ்டில் படம், என்ன செய்யலாம் என்று இரண்டு வரி. எழுதிய கோட் முழுவதையும் உரிமத்தோடு திறந்து வையுங்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமம் எளிது.

டூல் எங்கிருந்து வரும்

கோலத்தைச் செய்யும்போது கம்பியின் தடிமன், ஆரம், நிறம், அசையும் நேரம் என்று எத்தனையோ எண்களை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கோட் வரிகளைத் திருத்தி ரீலோட் செய்வது யோசனையைக் கொன்றுவிடும். எண்களை ஸ்லைடரில் போடுங்கள். கூகுளின் டேட்டா ஆர்ட்ஸ் டீம் இதற்காகவே டாட்.ஜியுஐ என்று ஒன்றை வெளியிட்டது, இப்போது லில்-ஜியுஐ, ட்வீக்பேன் இரண்டும் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன, இரண்டு மூன்று வரியில் சேர்த்துவிடலாம். ஃப்ரேம் வேகம் பார்க்க ஸ்டாட்ஸ்.ஜேஎஸ், திரீ.ஜேஎஸ் எழுதிய அதே கபேயோவுடையது. இவை எல்லாமே யாரோ தன் சோதனைகளுக்காகச் செய்துகொண்டதை வெளியே வைத்ததுதான் என்பதைக் கவனியுங்கள்.

2012 ஜனவரியில் மான்ட்ரியலில் ஒரு மாணவர் கான்ஃபரன்ஸில் இன்டர்ஃபேஸ் வடிவமைப்பாளர் பிரெட் விக்டர் பேசிய பேச்சு இந்தத் துறையில் பலரையும் மாற்றியது. உருவாக்குகிறவருக்குத் தான் உருவாக்குவதோடு இடைவெளியில்லாத தொடர்பு வேண்டும், ஒரு எண்ணை மாற்றினால் விளைவு அப்போதே கண்ணில் பட வேண்டும் என்பது அவர் வாதம், அதை மேடையிலேயே ஓட்டியும் காட்டினார். வீடியோ இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

அடுத்தது ரேண்டம், அதாவது தற்செயலாக எண் எடுப்பது. ஜாவாஸ்கிரிப்ட்டின் மேத்.ரேண்டமுக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு விதை எண் கொடுக்க முடியாது, அதனால் அருமையான கோலம் ஒன்று வந்து போனால் போனதுதான். பி5இல் ரேண்டம் சீட் இருக்கிறது, ஒரே எண் கொடுத்தால் ஒரே வரிசை வரும். அந்த எண்ணை முகவரியின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். கதவுகளைக் கையால் மாற்றியிருந்தால் 40 கதவுகளின் நிலையையும் பூஜ்யம் ஒன்றாகச் சுருக்கி முகவரியில் வைக்கலாம். இணைப்பை அனுப்பினால் அதே கோலம் எதிரே இருப்பவர் திரையிலும் விரியும்.

இதை எல்லாம் செய்து முடித்தபோது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: புள்ளி எண்ணிக்கை கொடுத்தால் ஒற்றைக் கம்பிக் கோலம் தேடித் தருகிற, ஸ்லைடரில் திருத்தக்கூடிய, இணைப்பாகப் பகிரக்கூடிய ஒன்று. எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத எஸ்விஜி படமாகச் சேமிக்கும் பட்டன் ஒன்று மட்டும் சேர்த்தால் லேசர் கட்டிங் செய்கிறவர், தையல்காரர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் பயன்படுத்தலாம். டூல் வந்துவிட்டது. அதிலும் கம்பியை நடந்து எண்ணும் பகுதி தனியாக நிற்கக்கூடியது, படம் வரைவதிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள், வேறொருவர் திரீ.ஜேஎஸ்ஸில் முப்பரிமாணக் கோலம் போட அதை எடுத்துக்கொள்வார். ஒரே கோட் பகுதியை மூன்றாவது சோதனைக்கு நகலெடுக்கும்போது அதைப் பிரித்து லைப்ரரியாக்கலாம் என்பது என் அளவுகோல், அதற்கு முன்பே பிரித்தால் எதைப் பொதுவாக்க வேண்டும் என்றே தெரியாது.

டூலோடு வரும் அறிமுகக் குறிப்பான ரீட்மீ எழுதும்போது முதல் வரியில் இது என்ன செய்யும், அடுத்து ஒரு அசையும் படம், அடுத்து அப்படியே நகலெடுத்து ஓட்டக்கூடிய மிகச் சிறிய உதாரணம். மற்றதெல்லாம் பிறகு.

மேடைக்கு

முதல் பேச்சுக்குப் பெரிய கான்ஃபரன்ஸைத் தேடாதீர்கள். ஊரில் நடக்கும் மீட்டப் போதும், ஐந்து நிமிட லைட்னிங் டாக் இன்னும் நல்லது. சென்னையில் ஐஎல்யுஜிசி, விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்கள் புதியவர்களை மேடையேற்றிப் பழகியவை, தமிழிலேயே பேசலாம். தமிழில் பேசுவதை ஒரு படி கீழே என்று நினைப்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். கேன்வாஸ், ஃப்ரேம் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் சொன்னால், கேள்வி கேட்கத் தயங்கும் முதலாம் ஆண்டு மாணவர்கூடக் கை தூக்குவார்.

பிறகு பெரிய இடங்கள். பெங்களூரில் ஜேஎஸ்ஃபூ போல ஜாவாஸ்கிரிப்ட்டுக்கென்றே கான்ஃபரன்ஸ்கள் நடந்திருக்கின்றன, வெளிநாட்டில் ஜேஎஸ்கான்ஃப் என்ற பெயரில் பல ஊர்களில். 2009இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மேடையில்தான் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்கு வெளியே சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்தினார், அப்போது அது சில மாதக் குழந்தை. பாதி முடிந்த வேலையோடு மேடை ஏறுவது இந்தத் துறையில் இயல்பான விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பேச்சாளர்களுக்கு அழைப்பு விடுவார்கள், அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், 'கிரியேட்டிவ் கோடிங் ஓர் அறிமுகம்' என்று எழுதி அனுப்புகிறார்கள், தேர்வுக் குழுவுக்கு அதே தலைப்பில் ஏற்கெனவே ஒரு கட்டு வந்திருக்கும். உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்: 'நாற்பது கதவுகள், ஒரே கம்பி: சிக்குக் கோலத்தைப் பிரவுசரில் அவிழ்ப்பது'. விவரத்தில் கேள்வி என்ன, மேடையில் எதை ஓட்டிக் காட்டுவீர்கள், கேட்டவர் வீட்டுக்குப் போய் எதைச் செய்து பார்க்கலாம், இவ்வளவுதான். டெமோவின் இணைப்பை அவசியம் சேருங்கள். ஆனால் சில இடங்களில் முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுத்தான் படிப்பார்கள், அங்கே விவரத்துக்குள் பெயரோ பெயருள்ள இணைப்போ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கென்று தனிக் கட்டம் இருக்கும். நிராகரித்தால் அதே விண்ணப்பத்தைக் கொஞ்சம் செதுக்கி அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பயணச் செலவு யாருடையது என்று ஒப்புக்கொள்ளும் முன் கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். ஐரோப்பா என்றால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவெடுக்கச் சாதாரணமாக 15 நாள். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் இழுக்கும். தேர்வான அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள்.

பேச்சைக் கட்டுவது எப்படி என்றால், முதல் ஒரு நிமிடத்திலேயே சோதனையை ஓட்டிக் காட்டுங்கள். உங்களைப் பற்றி, வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிப் பிறகு சொல்லலாம். ஒரு கதவைத் தொடுகிறீர்கள், இரண்டு நிறம் ஒன்றாகிறது, அரங்கத்தில் எல்லோருக்கும் ஏன் என்ற கேள்வி வந்துவிடும், மீதி நேரம் முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் மேடையில் உட்கார்ந்து மவுஸை அசைத்து, திரையில் எழுத்தைத் திருத்தி, மென்லோ பார்க்கில் இருந்த கம்ப்யூட்டரை மைக்ரோவேவ் இணைப்பில் அங்கிருந்தே ஓட்டினார். மவுஸ் என்றால் என்னவென்று ஸ்லைடில் விளக்கியிருந்தால் இன்று யாரும் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நேரடி டெமோவுக்குச் சில கட்டாயங்கள். எல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே, நெட் இல்லாமல் ஓட வேண்டும், ஃபான்ட் உட்பட. அரங்கத்து வைஃபையை நம்பவே கூடாது. அதே டெமோவின் வீடியோ ஒன்று ஸ்லைடுக்குள் தயாராக இருக்கட்டும். சார்ஜரைச் செருகுங்கள், பேட்டரி சேமிப்பு முறையில் ஃப்ரேம் வேகம் பாதியாகக் குறையலாம். நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். ஹெச்டிஎம்ஐ அடாப்டர் உங்களுடையதையே கொண்டுபோங்கள். புரொஜெக்டரில் மெல்லிய கோடுகளும் அடர் நிறங்களும் காணாமல் போகும், மேடைக்கென்று கம்பியைத் தடிமனாக்க ஒரு ஸ்லைடர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோட் காட்டினால் ஒரு ஸ்லைடுக்கு ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம், கடைசி வரிசையிலிருந்து படிக்கும்படி இருக்கட்டும். மேடையில் கோட் டைப் செய்வதை முதல் பேச்சில் தவிருங்கள், எண்களை மாற்றுவது வரைக்கும் போதும்.

பார்வையாளர்களின் போனிலும் ஓடினால் அதைவிடச் சிறப்பு இல்லை. க்யூஆர் போடுங்கள், எல்லோரும் ஆளுக்கொரு கதவைத் தொட, மேடைத் திரையில் பொதுக் கோலம் மாறட்டும். இதற்கு இரு பக்கமும் உடனுக்குடன் பேசவைக்கும் வெப்சாக்கெட் இணைப்பும் வெளியில் இருக்கும் ஒரு சர்வரும் வேண்டும். பல அரங்குகளில் வைஃபைக்குள் ஒரு கருவி இன்னொன்றோடு பேசாதபடி தடுத்திருப்பார்கள், அதனால் உங்கள் லேப்டாப்பையே சர்வராக வைத்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள்.

சத்தமாகப் பேசி, நேரம் வைத்துப் பயிற்சி செய்யுங்கள், மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது. முப்பது நிமிடம் கொடுத்தால் இருபத்தைந்தில் முடிகிற மாதிரி தயார் செய்யுங்கள், டெமோ எப்போதும் நீளும். கேள்வி நேரத்தில் தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, கேட்டவரை இடைவேளையில் தேடிப் பிடியுங்கள், அடுத்த சோதனைக்கான யோசனை பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். யாராவது ஊடுபுள்ளிக் கோலத்துக்கு இந்தக் கதவுக் கணக்கு செல்லுமா என்று கட்டாயம் கேட்பார்கள். அன்று இரவே ஸ்லைடுகள், கோட் இரண்டையும் ஒரே இணைப்பில் போட்டுவிட்டு, அந்தக் கேள்வியை உங்கள் கோட் இருக்கும் கிட்ஹப் ரெப்போவில் முதல் இஷ்யூவாக, அதாவது தீர்க்க வேண்டிய முதல் குறிப்பாக, திறந்து வையுங்கள்.